காய் விட்டதைக் கொண்டாடிய டிரில் டீச்சர்

அந்தப் புதன்கிழமை காலை தா.பழூர் பஸ் வழக்கம்போல் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றது. தினமும் அதில் வருகிற மரகதம் இறங்கவில்லை. கண்டக்டர் இறங்கி வந்தார். டிக்கெட் பையைத் தோளிலிருந்து கழற்றிக் கையில் பிடித்திருந்தார். "டிரில் டீச்சர் தவறிட்டாங்கம்மா. விடியக்காலம் நெஞ்சு வலின்னு கும்பகோணத்துக்குக் கார்ல கொண்டு போனாங்களாம். அணைக்கரைப் பாலம் தாண்டலியாம்" என்றார். நான் அந்த மனிதர் மேல் எரிந்து விழுந்தேன். "காலங்காத்தால என்ன பேச்சுங்க இது? நேத்து சாயங்காலம் உங்க பஸ்ஸுலதானே ஏத்தி வுட்டேன்?" என்று கத்தினேன். அவர் பாவம், என்ன செய்வார்? பஸ் நிறைய ஜனங்கள் காத்திருக்க, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் உள்ளே போய்ப் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். பாதிக் கணக்கில் சாக்பீஸ் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

காலமானவரைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்று எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். எழுதிப் பார்த்தேன். யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. என்னை 'ஏ புள்ள கணக்கு' என்று கூப்பிட்டவளை நான் எப்படி 'அவர்' என்பேன்? அவளோடு வேலை பார்த்தவர்களும் அவளிடம் படித்தவர்களும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கெல்லாம் அவள் தொண்டை நினைவிருக்கும். மைதானத்தின் கோடியில் நின்று அவள் 'அட்டேன்ஷன்' என்றால் ஜெயங்கொண்டம் கடைவீதியில் நடப்பவன் விறைத்து நிற்பான் என்று நாங்கள் கேலி செய்வோம். விசிலைக் காதுக்குள் ஊதுவாள். மற்றவர் டிபன் டப்பாவைக் கேட்காமல் திறப்பாள். அவளிடம் குறை இல்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படி எழுதினால் அவளே எழுந்து வந்து, "ஏ புள்ள, யாரப் பத்தி எழுதியிருக்க?" என்று கேட்பாள். வந்து கேட்டால்கூட நன்றாகத்தான் இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் நான் மாற்றலாகி ஜெயங்கொண்டத்துக்கு வந்தபோது அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. எனக்கு வாய் துடுக்கு. ஆனால் முதலில் பேச வராது. ஸ்டாஃப் ரூமில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். ஒரு நாள் மரகதம் வந்து எதிரில் நின்று, "ஊறுகா இருக்கா?" என்றாள். கொடுத்தேன். மறுநாளும் வந்தாள். அடுத்த வாரம் நானே அவளுக்கென்று தனியாக எடுத்து வர ஆரம்பித்துவிட்டேன். அவள் ஊறுகாய் விரும்பிச் சாப்பிடுகிறவளே இல்லை என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. "பின்ன எதுக்குடி கேட்ட?" என்றேன். "நான் குடுத்தா நீ 'தேங்க்ஸ்'னு சொல்லிட்டுப் போயிருப்ப. கேட்டதாலதான ஒட்டுன?" என்று சிரித்தாள்.

சாப்பிடுகிற நேரம் தவிர, இடைவேளையில் அவள் ஸ்டாஃப் ரூமுக்குள் வரவே மாட்டாள். மைதானத்தைச் சுற்றி வருவாள். ஆடுகிற பிள்ளைகளை அவள் பார்த்து நான் கண்டதில்லை. சுவரோரம், குழாயடி, வகுப்பு வாசல் என்று, ஆடாமல் நிற்கிற பிள்ளைகளைத்தான் அவள் கண் தேடும். நாமெல்லாம் அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால், 'போய் வெளையாடேன்' என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டு நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொள்வோம். அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு ரகசியம்போல் சொல்லுவாள்: "நேராப் போயி 'என்னையும் சேத்துக்கங்க'ன்னு கேக்காத. கேட்டா, 'மாட்டோம்'னுதான் சொல்லுவாளுவ. ஓரமா நின்னு பாரு. யாராவது நல்லா ஆடுனா 'ஏய் சூப்பரு'ன்னு சொல்லு. பந்து வெளிய வந்தா ஓடிப் போயி எடுத்துக் குடு. ரெண்டு மூணு தடவ குடு. பொறவு பாரு, அவளுவளே கூப்புடுவாளுவ." அந்தப் பிள்ளை போய் நிற்கும். பந்து வெளியே வரும்வரை மரகதம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இத்தனை தெரிந்தவள்தான் ஒரு நாள் அந்தச் சொல்லைச் சொன்னாள்.

ஆறாம் வகுப்பில் அஞ்சலை என்று ஒரு பெண் சேர்ந்தாள். மீன்சுருட்டிப் பக்கத்துக் கிராமம். இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பியிருந்தது. தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். அன்று டிரில் பீரியடில் ஓடிப்பிடிக்கிற ஆட்டத்துக்கு இரண்டு கட்சி பிரித்தார்கள். எல்லோரையும் எடுத்தாயிற்று. அஞ்சலை மட்டும் நடுவில் நின்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரகதம், வேறெங்கோ பார்த்தபடி, நம் ஊரில் எல்லோரும் சொல்வதுபோல் சொன்னாள்: "அஞ்சலைய ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்கங்கடி!"

உங்களுக்கெல்லாம் அந்தச் சொல் தெரியும். நண்டும் சிண்டுமாக ஒரு பிள்ளை ஆட்டத்துக்கு வந்தால், அழக் கூடாதே என்று பேருக்குச் சேர்த்துக்கொள்வோம். பிடித்தாலும் 'அவுட்' இல்லை, பிடிபட்டாலும் 'அவுட்' இல்லை. நானும் ஒப்புக்குச் சப்பாணியாக ஆடியவள்தான். அந்தச் சொல்லுக்குள் ஒரு சப்பாணி இருக்கிறாள் என்று நம்மில் யாரும் யோசித்ததில்லை. அன்று மைதானத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும். அஞ்சலை அழவில்லை. தொடையில் கையை ஊன்றிக்கொண்டு வகுப்பைப் பார்த்து நடந்தாள். மரகதத்தின் கையிலிருந்து விசில் கீழே விழுந்ததை நான் பார்த்தேன். மறுநாளிலிருந்து அஞ்சலை பள்ளிக்கு வரவில்லை.

ஒரு வாரம் மரகதம் சரியாகச் சாப்பிடவில்லை. "தெரியாம வந்த வார்த்தைதான, விடு" என்றேன். "தெரிஞ்சு சொன்னா திட்டு. தெரியாம சொன்னா அதுதான் மனசுல இருக்கறது" என்றாள். சனிக்கிழமை இரண்டு பேருமாக பஸ் ஏறினோம். மீன்சுருட்டியில் இறங்கி முந்திரிக் காட்டு வழியாக நடந்தோம். மரகதம் பேசாமல் நடந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அஞ்சலையின் அம்மா வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டையின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார். மரகதம் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா, "அதுக்கா டீச்சர் இம்மாந்தூரம் வந்தீங்க? வுடுங்க. ஊரே அவள அப்புடித்தான கூப்புடுது. படிச்சு என்ன பண்ணப் போறா? எங்கூட ஒக்காந்து கொட்ட ஒடச்சாலும் கஞ்சிக்கு ஆவும்" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "ஊரு சொன்னா ஊரு. நீங்க ஏன் டீச்சர் சொன்னீங்க?"

மரகதம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். "தப்புதான்டி கண்ணு. என் நாக்க அறுத்துப் போடணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அஞ்சலை வாசற்படிக்கு வந்தாள். "நீங்க அழுவாதீங்க. நான் வந்தா மட்டும் யாரு கூட இருக்கறது? இடைவேள மணி அடிச்சாலே எங்க போயி ஒளியறதுன்னு பாக்கறேன்" என்றாள். பதினோரு வயதுப் பிள்ளை! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தீவாளி வரைக்கும் வா. அதுக்குள்ள உனக்கு ஒரு சேக்காளி கெடைக்கலன்னா நானே உன்னக் கொண்டாந்து உங்கம்மாகிட்ட வுட்டுடறேன். அதுக்குப் பொறவு வான்னு கூப்புட மாட்டேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியா வாக்குக் கொடுப்பார்கள்? திரும்பும் வழியில் அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். "ஒரு பிள்ளை படிப்பை வச்சா பந்தயம் கட்டுவ?" என்றேன். "அவ படிப்பு அங்கதான் புள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. நீ சொல்லித் தர்ற கணக்குல இல்ல" என்றாள்.

அஞ்சலை வந்தாள். மரகதம் முதலில் செய்தது தப்பாகப் போயிற்று. வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டு, அஞ்சலையைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னாள். நல்ல பிள்ளைகள், முறை போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பையைத் தூக்குவாள், ஒருத்தி தண்ணீர் பிடித்துக் கொடுப்பாள். ஹெட்மிஸ்ட்ரஸ் பிரேயரில் அவர்களைப் பாராட்டினார். அஞ்சலை முகமோ நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போனது. "என்னடி, எல்லாரும் நல்லாத்தான பாத்துக்கறாங்க?" என்றேன். "எல்லாரும் என் பையத் தூக்குறாங்க டீச்சர். யாரும் எங்கூடப் பேச மாட்டேங்கறாங்க" என்றாள். அதை நான் மரகதத்திடம் சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு அன்றைக்கே அந்த முறையை நிறுத்தினாள். "சேத்திய ஆர்டர் போட்டு வரவழைக்கப் பாத்தேன் பாரு, எனக்கு புத்தி வேணும்" என்றாள்.

அதே வகுப்பில் கொளஞ்சி என்று ஒருத்தி இருந்தாள். சரியான வாயாடி. தொட்டதற்கெல்லாம் சண்டை. வகுப்பில் பாதிப் பேரோடு அவள் காய். மீதிப் பேர் அவளோடு காய். மதியம் சாப்பிட்டுவிட்டு அவளும் தனியாகத்தான் திரிவாள். ஆனால் நம் கண்ணுக்கு அவள் தனியாள் என்று படாது. அடங்காப்பிடாரி என்றுதான் படும். மரகதம் அறுந்துபோன வாலிபால் வலையைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டு, அஞ்சலையையும் கொளஞ்சியையும் கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் ஒரு ஒத்தாச பண்ணுங்கடி. ஒருத்தி இழுத்துப் புடிக்கணும், ஒருத்தி முடிச்சுப் போடணும். எனக்கு முடியல" என்றாள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டாள். "ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா உனக்கு? அந்தக் கொளஞ்சி இவளக் கடிச்சுத் துப்பிடுவா" என்றேன் நான். "கடிக்கட்டும்" என்றாள்.

வலை லேசில் முடியவில்லை. முடியாதபடி மரகதம் பார்த்துக்கொண்டாள் என்று இப்போது எனக்குச் சந்தேகம். மதிய நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். முதலில் கொளஞ்சியின் குரல் மட்டும் கேட்கும். போகப் போக இரண்டு குரல் கேட்டது. ஐப்பசி பிறந்துவிட்டது. ஒரு மதியம் வேப்பமரத்தடியில் ஒரே கூச்சல். கொளஞ்சி தலைவிரி கோலமாக எங்கள் இரண்டு பேரிடமும் ஓடி வந்தாள். "டீச்சர், நான் போட்ட முடிச்ச அவுத்துட்டு, 'உனக்கு ஒழுங்காப் போடத் தெரியல'ங்கறா டீச்சர்! அவகூட நான் காய்!" பின்னாலேயே அஞ்சலை, தொடையில் கையை ஊன்றிக்கொண்டு, மூச்சிரைக்க வந்தாள். "அவ என்ன காய் வுடறது? நாந்தான் மொதல்ல காய்!" என்று சுண்டுவிரலைக் கொளஞ்சி முகத்துக்கு நேரே நீட்டினாள்.

எனக்குத் திக்கென்றது. தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள்கூட இல்லை. சமாதானம் செய்துவைக்க எழுந்தேன். மரகதம் என் கையைக் கெட்டியாகப் பிடித்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போகும்வரை விடவில்லை. பிறகு என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். "காய் வுட்டாளுவ புள்ள! காய் வுட்டாளுவ!" உனக்கென்ன பைத்தியமா என்றேன். "பையத் தூக்குனாளுவளே, அதுல எவளாவது அஞ்சலகிட்டக் காய் வுட்டாளா? பாவம்னு நெனைக்கறவகிட்ட யாருடி காய் வுடுவா? சேக்காளிகிட்டத்தான் காய் வுட முடியும்" என்றாள். அவள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த முகத்துக்கா நெருப்பு வைத்தார்கள்?

காய் விட்டவர்கள் பழம் விடவில்லை. நாள் ஓடியது. இரண்டும் அழுத்தக்காரப் பிள்ளைகள். வலை வேப்பமரத்தடியில் அப்படியே கிடந்தது. மரகதத்துக்குத் தூக்கம் போயிற்று. "நான் போயி ஒரு வார்த்த சொல்லட்டுமா?" என்று என்னைக் கேட்பாள். கேட்டுவிட்டு அவளே, "வேணாம், நான் சேத்து வச்சா அது என் சேத்தியாப் போயிடும்" என்பாள். தீபாவளி லீவுக்கு முதல் நாள் சாயங்காலம் கடைசி மணியும் அடித்துவிட்டது. அஞ்சலை பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்டாள். மரகதம் தூணில் சாய்ந்து நின்றாள். வாக்கு வாக்குத்தானே? அந்தப் பிள்ளையை முந்திரிக்கொட்டைக்கு அனுப்பியாயிற்று என்று நானும் நினைத்துவிட்டேன்.

கொளஞ்சி ஓடி வந்தாள். "அஞ்சல எங்க டீச்சர்? போயிட்டாளா?" "எதுக்குடி?" என்றாள் மரகதம், ஒன்றும் தெரியாதவள்போல். "பழம் வுடணும் டீச்சர். லீவு பூரா காயாவே இருந்தா, தீவாளிக்கு என்ன துணி எடுத்தேன்னு நான் யாருகிட்டச் சொல்றது?" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு வாசலுக்குப் பறந்தாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். அங்கே இரண்டு விரலை நீட்டிப் பழமும் விட்டாயிற்று. அதற்குள் பஸ் ஹாரன் அடித்தது. "ஏ நொண்டி, ஆடி அசஞ்சு வராத, பஸ்ஸு போயிடும், வேகமா வாடி!" என்று அஞ்சலை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள் கொளஞ்சி. நான் பதறிப் போனேன். அஞ்சலையோ, "போடி வாயாடி" என்று சிரித்துக்கொண்டே, தொடையில் கையை ஊன்றி ஊன்றி அவளோடு ஓடினாள். மரகதம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பாத்தியா புள்ள? நான் சொன்னப்ப அவ வூட்டுக்குப் போயிட்டா. இவ சொன்னா சிரிக்கறா" என்றாள்.

அந்தப் புதன்கிழமை தா.பழூரில் மரகதத்தின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அக்காவுக்கு ஓரிடம், நாத்தனாருக்கு ஓரிடம், பிறந்த வீட்டுக் கோடித்துணி கொண்டுவருகிறவர்களுக்கு ஓரிடம். சாவு வீட்டில் உறவுக்கெல்லாம் முறை வைத்திருக்கிறார்கள். சேக்காளிக்கு ஒரு முறையும் வைக்கவில்லை. கட்டிப்பிடித்து அழ எனக்கு அங்கே ஒரு தோள் இல்லை. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு வெளியாள்போல் நின்றேன். பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "எங்க கணக்கு டீச்சர் நிக்கறாங்க, வழி வுடுங்க!" அஞ்சலை. இப்போது பெரம்பலூரில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருக்கிறாள். அவள் பக்கத்தில், கைப்பிள்ளையோடு கொளஞ்சி. அஞ்சலை என்னை இழுத்து மரகதத்தின் தலைமாட்டில் உட்காரவைத்தாள். மரகதத்தின் அக்கா என்னைப் பார்த்து, இது யார் என்பதுபோல் முகத்தைச் சுளித்தார். "இவங்கதான் அவங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க" என்றாள் அஞ்சலை. அப்புறம்தான் எனக்கு வாய்விட்டு அழ வந்தது.

மரகதத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசிக்கிறேன். அவள் தொண்டை எனக்கு இல்லை. அவள் பொறுமையும் இல்லை. இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் என்னால் உட்கார முடியவில்லை. அது ஒன்றுதான் மிஞ்சியது. மைதானத்துக்குப் போய்விடுகிறேன். ஆடாமல் நிற்கிற பிள்ளை என் கண்ணுக்கும் இப்போது தெரிகிறது. அதன் பக்கத்தில் போய் நிற்கிற வரைக்கும் எனக்கு வருகிறது. அப்புறம் என்ன செய்வது என்று கேட்க அவளைத் தேடுகிறேன்.

போன வாரம் குழாயடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நின்றது. புதிதாகச் சேர்ந்தது. பக்கத்தில் போய் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், 'போய் வெளையாடேன்' என்றுதான் நாக்கில் வந்தது, மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் சும்மாவே நின்றோம். மணி அடிக்கப் போகிற நேரத்தில் அந்தப் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்ககூடவும் யாரும் சேரலியா டீச்சர்?" என்று கேட்டது.

"ஒருத்தி இருந்தா" என்றேன். "செத்துப் போயிட்டா."

அந்தச் சொல்லை என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கும் நான் இங்கதான் டீச்சர் நிப்பேன். நீங்களும் வாங்க" என்றது பிள்ளை.